எந்த மெத்தையில் படுத்திருந்தார்?

சாயங்காலம் நாலு மணி ஆனால் ட்ராலியை உருட்டிக்கொண்டு கிளம்புவோம். அதன்மேல் இரண்டு பேசின், வெந்நீர், சோப்பு, ஒரு பாட்டில் ஸ்பிரிட், ஒரு டப்பா பவுடர். பேக் கேர் என்று பெயர், படுக்கைப்புண் வராமல் இருக்கச் செய்வது. என் காலத்தில் நர்சிங் படித்த யாருக்கும் அந்த வாசனை மறக்காது. கொஞ்ச நேரத்துக்கு வார்டு முழுக்க சலூன் மணம் அடிக்கும். படுத்தே கிடக்கிறவரை ஒருக்களித்துத் திருப்பி, முதுகைத் துடைத்து, ஸ்பிரிட் தடவி, பவுடர் போட்டு, வால் எலும்பு இருக்கும் இடத்தில் உள்ளங்கையால் வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். "ரத்த ஓட்டம் வரணும், நல்லாத் தேயி" என்பார் இன்சார்ஜ் சிஸ்டர். நானும் நல்லாத்தான் தேய்த்தேன்.

2004ல் நான் இரண்டாம் ஆண்டு மாணவி. குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். வாழ்நாள் முழுக்க லுங்கித் தறியில் உட்கார்ந்தவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. மூன்றாம் நாள் வால் எலும்பின்மேல் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சிவப்பு. முதலில் பார்த்தது நான் இல்லை, அவர் மனைவி. "இன்னா சிஸ்டர், இங்க செவந்து கீது?" என்றார். பயப்படாதீங்கம்மா என்று சொல்லிவிட்டு அந்தச் சிவப்பின் மேலேயே இன்னும் அழுத்தித் தேய்த்தேன். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. ஐந்தாம் நாள் தோல் உரிந்து என் கையோடு வந்தது.

அந்த அம்மா சும்மா இருக்கவில்லை. வீட்டிலிருந்து பழைய நூல் புடவையைக் கொண்டுவந்து, தலையில் குடம் வைக்கச் சுருட்டுவது போல ஒரு சும்மாடு செய்து, புண் நடுக்குழியில் வருகிற மாதிரி இடுப்புக்கு அடியில் வைத்தார். எனக்கு அது ரொம்பப் புத்திசாலித்தனமாகப் பட்டது. வார்டிலும் ஏர் ரிங் என்று அதே சும்மாட்டைத்தான் ரப்பரில் செய்து, காற்றடித்து வைத்திருந்தோம்.

இரண்டுமே தப்பு. சிவந்துபோன இடத்தில் அடியில் உள்ள சின்ன ரத்தக் குழாய்கள் ஏற்கெனவே நசுங்கி நொந்து கிடக்கின்றன. அங்கே தேய்த்தால் உள்ளே இருப்பதும் கிழியும். சும்மாடு என்ன செய்கிறது? புண்ணைச் சுற்றி வளையமாக அழுத்துகிறது, அதனால் நடுவில் இருக்கிற தோலுக்கு வரவேண்டிய ரத்தமும் குறைந்துபோகிறது. எலும்பு துருத்தும் இடங்களில் மசாஜ் செய்யக் கூடாது என்று அமெரிக்க அரசின் வழிகாட்டி 1992லேயே சொல்லிவிட்டது. நான் தேய்த்துக்கொண்டிருந்தது 2004ல். பன்னிரண்டு வருஷமாகியும் அந்தக் காகிதம் குடியாத்தத்துக்காரரின் கட்டில்வரை வந்து சேரவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்க வேண்டாம். அப்போது எங்கே போயிருந்தாலும் அதே ட்ராலிதான் உருண்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

தேய்த்தவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. அக்கறை இல்லாத நர்ஸாக இருந்திருந்தால், அன்றைக்கு ட்ராலியை ஓரமாக நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போயிருந்தால், அந்தத் தோல் இன்னும் இரண்டு நாள் தாங்கியிருக்கும்.

ஒவ்வொரு மே 12ஆம் தேதியும் விளக்கேற்றி உறுதிமொழி எடுக்கிறோம். நைட்டிங்கேல் அம்மையார் விளக்கோடு நடந்தார் என்று சொல்லித்தந்தவர்கள், அதே அம்மையார் கிரிமியப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்தில் நடந்த சாவுகளை மாதவாரியாகக் கணக்கெடுத்து, காயத்தால் செத்தவர் எத்தனை, தடுத்திருக்கக்கூடிய நோயால் செத்தவர் எத்தனை என்று வண்ண வரைபடம் போட்டுக் காட்டியவர் என்று சொல்லித்தரவில்லை. 1858ல் லண்டன் புள்ளியியல் சங்கத்தில் உறுப்பினரான முதல் பெண் அவர். படத்தில் விளக்கு மட்டும்தான் இருக்கிறது, நோட்டுப்புத்தகம் இல்லை.

சரி, லண்டன் வரைக்கும் ஏன் போகணும். காட்பாடியைத் தாண்டினால் கரிகிரி, தொழுநோய் ஆஸ்பத்திரி இருக்கிற ஊர். தொழுநோய் என்றால் விரல் அழுகி விழும் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலத்தில் வேலூருக்கு வந்தவர் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர். அவரும் கூட இருந்தவர்களும் ஒவ்வொரு காயத்தையும் பிடித்துக்கொண்டு இது எப்படி வந்தது, எப்போது வந்தது என்று துருவினார்கள். சூடான டம்ளரைப் பிடித்தது, ஆணியை மிதித்தது, செருப்பு கடித்தது என்று காரணம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. நோய் விரலைத் தின்னவில்லை. வலி தெரியாததால் விரல் அடிபட்டே தேய்ந்துபோயிருக்கிறது. ஆனால் சில காயங்களுக்கு மட்டும் கணக்குப் புரியவில்லை. ராத்திரி நன்றாக இருந்த விரல் காலையில் குறைந்திருக்கும். கடைசியில் ஒருவர் ராத்திரி கண்விழித்து உட்கார்ந்து பார்த்தார். எலி வந்து கடிக்கிறது, படுத்திருப்பவருக்கோ உணர்ச்சியே இல்லை. அதற்கப்புறம் வீட்டுக்குப் போகிற நோயாளியோடு ஒரு பூனையையும் அனுப்பினார்கள்.

ஆதாரம் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு அந்தப் பூனை ஞாபகம்தான் வரும். நைட் டியூட்டி பார்க்கிறவளுக்கு அந்தக் கதை கொஞ்சம் சொந்தக் கதை மாதிரியும் இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்து ரொம்ப நாள் கழித்துத்தான் நான் ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்க ஆரம்பித்தேன். பல ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி, எது நம்பத்தக்கது என்று சலித்துத் தருகிற காக்ரேன் நூலகத்தை 2007ல் ஐசிஎம்ஆர் என்ற மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு பணம் கட்டி இந்தியாவில் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம் என்று ஆக்கியது. அதன் தெற்காசிய மையம் இதே வேலூரில், சிஎம்சியில் இயங்கியது. இது எனக்குத் தெரிந்தபோது சத்துவாச்சாரியில் வாடகை வீட்டில் இருந்தேன். இத்தனை வருஷம் பஸ் போகிற தூரத்தில் இருந்திருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு மருந்து எல்லாம் கொடுத்து முடித்து, நர்ஸிங் ஸ்டேஷன் ட்யூப்லைட்டுக்குக் கீழே போனில் படிப்பேன். முதலில் ஒரு பக்கத்துக்கு இரண்டு மணி நேரம் ஆனது. ஆங்கிலம்கூடச் சமாளித்துவிடலாம். அந்தப் புள்ளியியல்தான் உயிரை எடுத்தது.

புதிதாகப் படிக்க ஆரம்பித்தவர்களுக்கு ஒரு வியாதி வரும். எனக்கும் வந்தது. பார்க்கிற எல்லாவற்றையும் மாற்றத் தோன்றும்.

மால்டாவிலிருந்து ஒரு அம்மா. வேலூருக்கு வைத்தியத்துக்கு வருகிற வங்காளிகளைப் பற்றி இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, லாட்ஜ் போர்டுகளே பெங்காலியில் இருக்கின்றன. இங்கே நர்ஸாக இருக்கிற யாருக்கும் "பேத்தா ஆச்சே?" என்று கேட்கத் தெரியும். வலிக்குதா என்று அர்த்தம். அந்த அம்மாவுக்குக் கீமோ போட்டுப் போட்டு நரம்பெல்லாம் நூலாகிவிட்டது. கையில் இருந்த வென்ஃப்ளான், அதாவது மருந்து ஏற்ற நரம்பில் செருகி வைக்கும் சின்னக் குழாய், நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை. ஆனால் 72 மணி நேரம் முடிந்துவிட்டது. விதிப்படி எடுத்துவிட்டு வேறு இடத்தில் போட வேண்டும். நாலு இடத்தில் குத்தினேன். நான்காவது குத்துக்கு அவர் மகள் வெளியே போய்விட்டாள். நான் பேத்தா ஆச்சே என்று கேட்கவில்லை.

அந்த வாரமே ஒரு ஆய்வு கையில் கிடைத்தது. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தில் மூன்று ஆஸ்பத்திரிகளில் 3,283 பேரை இரண்டு குழுவாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு குழுவுக்கு மூன்றாம் நாள் கட்டாயம் மாற்றினார்கள். இன்னொரு குழுவுக்கு வீங்கினாலோ வலித்தாலோ அடைத்தாலோ மட்டும் மாற்றினார்கள். ரத்தக்குழாய் அழற்சி இரண்டு குழுவிலும் 7 சதவீதம், வித்தியாசமே இல்லை. 2012ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. பிரிண்ட் எடுத்து, மஞ்சள் மார்க்கரில் கோடு போட்டு, இன்சார்ஜ் சிஸ்டர் மேசையில் வைத்தேன். நியாயமாகப் பார்த்தால் அந்த மால்டா அம்மா காலடியில் வைத்திருக்க வேண்டும்.

சிஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். முப்பது வருஷ சர்வீஸ். "நல்லாத்தான் இருக்கு. அங்க ஒரு நர்ஸு எத்தனை பேஷன்ட் பாக்கறாங்கன்னு போட்டிருக்கானா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. மாற்றம் வேண்டாம் என்பவர்கள் எப்போதும் சொல்கிற சாக்கு என்று நினைத்தேன். அவர் விடவில்லை. "மூணாம் நாள் மாத்தணும்னு ஒரு ரூல் இருக்கறதாலதான் மூணு நாளைக்கு ஒருவாட்டியாவது அந்தக் கையை யாரோ பாக்கறாங்க. ரூலை எடுத்துட்டா யாரும்மா பாப்பா?"

பதில் பல வருஷம் கழித்து வந்தது, அதுவும் ஜெனீவாவிலிருந்து. அங்கே பல்கலைக்கழக மருத்துவமனைகளில் கட்டாய மாற்றத்தை நிறுத்தி, தேவைப்பட்டால் மாற்றலாம் என்று ஆக்கினார்கள். ரத்தத்தில் கிருமி சேரும் தொற்று ஏறியது. பழைய விதிக்குத் திரும்பினார்கள், இறங்கியது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வென்ஃப்ளான்களை வைத்துப் போட்ட கணக்கு, 2021ல் வெளியானது. மொத்தத்தில் தொற்று வந்தவர்கள் குறைவுதான். ஆனாலும் ஏறியதும் இறங்கியதும் விதியோடு சேர்ந்தே நடந்தது. குயின்ஸ்லாந்து ஆய்வு பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அங்கே குலுக்கல் முறையில் பிரித்து, ஆய்வுக்கென்று ஆள் வைத்துக் கண்காணித்தார்கள். அன்றாட வார்டில் அப்படிக் கண்காணிக்க ஆள் கிடைக்காது. முன்னால் பின்னால் ஒப்பிடுகிற ஜெனீவாக் கணக்கிலும் வேறு காரணங்கள் கலந்திருக்கலாம். ஆனால் இன்சார்ஜ் சிஸ்டர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. அதற்குள் அவர் ரிட்டயர் ஆகி அரக்கோணத்தில் பேரனோடு இருந்தார். போன் பண்ணிச் சொன்னேன். "எது, வென்ஃப்ளானா? ஆமா ஆமா" என்றார். அவருக்கு அந்தச் சண்டை ஞாபகமே இல்லை.

எங்கள் வார்டில் இப்போது எப்படி என்றால், டியூட்டி மாற்றும்போது இரண்டு நர்ஸும் சேர்ந்து ஒவ்வொரு கையையும் பார்க்கிறோம். சிவப்பு, வலி, வீக்கம் பார்த்து 0லிருந்து 5வரை ஒரு மார்க் போட்டு சார்ட்டில் எழுதுகிறோம். நரம்பு நல்லா இருக்கிறவருக்கு நாள் கணக்கில் மாற்றுகிறோம். மால்டா அம்மா மாதிரி நூல் நரம்புக்காரர்களுக்கு டாக்டரிடம் எழுதி வாங்கி விட்டுவைக்கிறோம். இதில் ஒரு சில்லறைப் பிரச்சினை, ஆனால் உண்மையில் பெரிய பிரச்சினை: வெள்ளைப் பிளாஸ்டரைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி ஊசி நுழைகிற இடத்தையே மறைத்துவிடுவது நம் பழக்கம். மார்க் போட வந்த நர்ஸ் பிளாஸ்டருக்குத்தான் மார்க் போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடி மாதிரி தெரிகிற ஒட்டுப்பட்டைக்கு விலை அதிகம். ஸ்டோர்ஸோடு மல்லுக்கட்டி வாங்க ஆறு மாதம் ஆயிற்று. எந்த ஆய்வையும் படித்த நேரத்தைவிட அதிகம்.

அந்த அனுபவம் இருந்ததால்தான் அடுத்த விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வந்தது. வார்டு வகுப்பில் ஒரு ஜூனியர் பெண் படுக்கைப்புண் பற்றிப் பேசினாள். நன்றாகவே தயாரித்திருந்தாள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 27 முதியோர் இல்லங்களில் 942 பேரை வைத்துச் செய்த ஆய்வு, 2013ல் வந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்தாலும் சரி, மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றாலும் சரி, புண் வருவதில் வித்தியாசம் இல்லை. "அப்போ நாலு மணி நேரம் போதும்கா" என்றாள். வகுப்பில் இருந்த எல்லார் முகமும் மலர்ந்தது. மலராமல் என்ன செய்யும்? ராத்திரியில் முப்பது கட்டிலுக்கு இரண்டு பேர். ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினால் அறுவை சிகிச்சை நோயாளிகளின் சாவுக்கான வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் கணக்கெடுத்து 2014ல் எழுதினார்கள். அதைப் படித்த அன்றைக்கு என் வார்டுக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன்.

நான் ஒன்றுதான் கேட்டேன். "அவங்க எந்த மெத்தையில படுத்திருந்தாங்க?"

தேடிப் படித்தாள். எல்லாருமே அடர்த்தியான ஃபோம் மெத்தையில் படுத்தவர்கள். நம்முடையது தேங்காய் நார் மெத்தை, மேலே ரெக்ஸின் உறை, வருஷக்கணக்கில் படுத்துப் படுத்து நடுவில் தொட்டில் மாதிரி குழி. கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும்போது ரெக்ஸினில் முதுகு ஒட்டிக்கொள்ளும். நோயாளியைத் தூக்கும்போது பிளாஸ்டர் உரிக்கிற சத்தம் வரும். பிரேடன் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது, ஆறு விஷயங்களுக்கு மார்க் போட்டு 18 அல்லது அதற்குக் கீழே வந்தால் புண் வரும் ஆபத்து என்று கணக்கு. அந்த ஆறில் ஈரம் ஒன்று. மே மாதத்தில் ஃபேனுக்கு எட்டாத மூலைக் கட்டில்காரருக்கு அந்த ஒன்றிலேயே மார்க் போய்விடும்.

ஆக, இரண்டு மணி நேரம் அப்படியே இருக்கட்டும் என்று முடிவானது. ஜூனியருக்கு முகம் வாடிவிட்டது. அவளிடம் இன்னொரு ஆய்வைக் கொடுத்தேன். அயர்லாந்தில் 213 முதியவர்கள். ராத்திரியில் ஆளை முழுசாகப் பக்கவாட்டில் புரட்டுவதற்குப் பதில், தலையணை வைத்து 30 டிகிரி மட்டும் சாய்த்து, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றினார்கள். வழக்கம்போல ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 90 டிகிரி புரட்டிய குழுவில் 11 சதவீதம் பேருக்குப் புண், சாய்த்த குழுவில் 3 சதவீதம்.

இது பிடித்துக்கொண்டது. காரணம் நோயாளிகள்தான். வாலாஜாவிலிருந்து வந்த ஒரு ஆயா, இடுப்பு எலும்பு முறிவு. ராத்திரி புரட்டப் போனால் "ஐயே, உடுமா, இப்பத்தான் கண்ணு அசந்துச்சு" என்று கையைத் தட்டிவிடுவார். காலையில் பேத்தி எங்களிடம் சண்டைக்கு வருவாள். இப்போது போர்வையைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் லேசாகச் செருகுகிறோம். வால் எலும்புக்கு அடியில் கையை விட்டால் கை தாராளமாக நுழைந்து வர வேண்டும், அதுதான் அளவு. அந்த ஆயா பாதி ராத்திரி விழித்துக்கொள்ளவே மாட்டார். தலையணைக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: நாங்களும் போகவில்லை. போர்வைதான், சில சமயம் பேத்தியின் துணிப்பை.

அயர்லாந்துக்காரர்கள் எந்த மெத்தையில் படுத்திருந்தார்கள் என்று என்னைத் திருப்பிக் கேட்டாள் அந்த ஜூனியர். நல்ல பிள்ளை. அதனால்தான் நாமே எண்ணணும் என்றேன். திங்கட்கிழமை காலை ரவுண்ட்ஸுக்கு முன்னால் இரண்டு பேர் ஒவ்வொரு முதுகையும் பார்த்து, ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுகிறோம். கட்டில் எண், சிவப்பு உண்டா, அழுத்தினால் வெளுக்கிறதா, தோல் திறந்திருக்கிறதா. அழுத்தியும் வெளுக்காத சிவப்பு என்றால் புண் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டது. அந்த எண்களை இங்கே போடப்போவதில்லை. ஒரே வார்டு, சில மாதம்; அதைப் பார்த்துவிட்டு வேறு யாரும் முடிவெடுக்கக் கூடாது. எங்களுக்கு அது போதும், எந்தக் கட்டிலில் திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிகிறது. மூலைக் கட்டில்தான்.

சொந்தக்காரர்கள் இன்னமும் பவுடர் டப்பாவோடுதான் வருகிறார்கள். பிடுங்குவதில்லை. தோள்பட்டையில், கையில், காலில் போட்டுக்கொள்ளட்டும். பெற்றவரைத் தொட்டுத் தடவ அவர்களுக்கும் ஒரு வழி வேண்டும். வால் எலும்புப் பக்கம் மட்டும் வேண்டாம்மா என்று சொல்லி, சிவப்பை விரலால் அழுத்திக் காட்டுகிறேன். புரிந்துகொள்கிறார்கள். சும்மாட்டை மட்டும் விட மாட்டேன் என்கிறார்கள். கண்ணுக்கு அவ்வளவு நியாயமாகத் தெரிகிற பொருள் அது.

போன மாதம் நன்கொடையாக நாலு ஃபோம் மெத்தை வந்து இறங்கியது. பாலிதீன் உறையைக்கூடப் பிரிக்கவில்லை, ஜூனியர் ஓடி வந்தாள். "அக்கா, ஃபோம் வந்துடுச்சு. அந்த நாலு பேருக்கு மட்டும் நாலு மணி நேரம் வைக்கலாமா?"

நான் மெத்தையில் முட்டியை ஊன்றிப் பார்த்தேன். அடியில் கையை விட்டு, மேலே அவளை உட்காரச் சொன்னேன். அவளுடைய எலும்பு என் உள்ளங்கையில் இடித்தது.

"லேபிள்ல அடர்த்தி எவ்வளவுன்னு போட்டிருக்கா பாரு" என்றேன். அவள் பாலிதீனைத் திருப்பித் திருப்பித் தேடிக்கொண்டிருந்தாள்.